கரண்ட் அடித்தவன் சூரன் தூக்கப் போன கதை

நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்பவர்கள் நிறையப் பேர். ஆனால் வெறுங்கையோடு தொடங்கி, மற்றவர்களின் காணியில் வாழைக்குட்டி நட்டுக் கூலி வாங்கி, பிறகு அதே காணியைத் தானே வாங்கி, அதில் மாடிவீடும் கட்டியவன் யார் என்று கேட்டால் ஊரில் என்னைத்தான் காட்டுவார்கள். காட்டாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. படித்தேன் என்பதைவிட அந்த வகுப்பில் இருந்தேன் என்பதுதான் பொருத்தம். இதை நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மகள் திருத்துவாள். விஷயத்தைத் திருத்த அவளுக்கு அனுமதி இல்லை.

எனக்குக் கரண்ட் அடித்தது புரட்டாசிக் கடைசியில். மழைக்கு முந்திய அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீர் அடியில் போய்க் கிடக்கும். மோட்டர் இழுத்து இழுத்து மூச்சு வாங்கும். எங்கள் தோட்டங்களில் மோட்டருக்குப் போகும் வயரில் ஒரு மூட்டு இல்லாமல் இருக்காது. அந்த மூட்டுக்கு மேல் ஒரு பொலித்தீன் சொப்பிங் பையைச் சுற்றிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைப்போம். நானும் அப்படித்தான் கட்டியிருந்தேன், ஆனால் மற்றவர்களைவிட வடிவாக. மோட்டர் நின்றால் அந்த மூட்டை ஒரு தட்டுத் தட்டுவேன், ஓடத் தொடங்கிவிடும். அன்றும் நின்றது. வாய்க்கால் தண்ணீருக்குள் வெறுங்காலோடு நின்றபடி, ஈரக் கையால் தட்டினேன்.

மோட்டர் ஓடவில்லை. நான்தான் ஓடினேன். ஓடினேன் என்றால் காலால் இல்லை, ஆகாயத்தால். கை, தோள், நெஞ்சு, கால் எல்லாவற்றையும் ஒருவன் ஒரே நேரத்தில் பிடித்து உதறியது போல இருந்தது. கண் திறந்தபோது இரண்டு வாழைக்கு நடுவில் மல்லாக்கக் கிடந்தேன். வாழையடி மெத்தை மாதிரி. அதனால் ஒரு எலும்பும் முறியவில்லை.

சமையலை விட்டுக் குசினி வாசலில் நின்று பார்த்த என் மனைவி ஓடினாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் என்னை விட்டுவிட்டு வேறு பக்கம் ஓடியது அன்று மட்டும்தான். மெயின் சுவிச்சுக்கு ஓடினாள். அதை நிறுத்திவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.

“இஞ்சேருங்கோ! உயிர் இருக்கோ?”

“இருக்கு, இருக்கு. மெயினைப் போடும். கடைசி வரிசைக்கு இன்னும் தண்ணி போகேல்லை.”

“விசரே உங்களுக்கு? எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம். கரண்ட் அடிச்சாக் கட்டாயம் காட்ட வேணும்.”

“என்னத்தைக் காட்டுறது? வாழை மாதிரி நிக்கிறன் எல்லோ.”

“வாழைதான் காத்துக்கு முதல் முறியிறது” என்றாள்.

நான் போகவில்லை. மூட்டுக்குப் புதிய சொப்பிங் பை கட்டி, அன்று மாலையே மிச்சத் தண்ணீரையும் இறைத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது. அந்தக் கையின் பெருவிரல் நுனியில் தீக்குச்சி பட்டது போல ஒரு வெள்ளைப் பொட்டு. அவ்வளவுதான்.

அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் கதையைச் சொன்னேன். அதற்கடுத்த நாள் சந்தையில். பிறகு ஒரு கலியாண வீட்டில், பந்தியில் இருந்தபடி. கரண்ட் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘ஐயோ, உவனோ’ என்று திரும்பிப் போய்விட்டது என்று சொன்னபோது சாம்பார் வாளி தூக்கியவரும் நின்று கேட்டார். என் மச்சான் பக்கத்தில் இருந்தான். அவன் என் மனைவியின் தம்பி. எனக்கு எதிராகப் பேசுவதற்கென்றே அவனைப் பெற்றார்கள் என்பது என் எண்ணம்.

“அத்தான், முதல் நாள் சொல்லேக்கை ரெண்டு முழம் தள்ளி விழுந்தனீங்கள். இண்டைக்கு வேலியையும் தாண்டியிட்டியள். வாற கிழமை கோப்பாயிலை போய் விழுவியள் போலை.”

“உனக்கு அடிச்சிருந்தா இப்ப உன்ரை செத்தவீட்டு எட்டுச் செலவுச் சாப்பாடுதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பம்.”

“அடிச்ச கரண்ட் உடம்பிலை கொஞ்சம் நிக்குமாம், அத்தான். ஈரமண்ணிலை வெறுங்காலோடை நில்லுங்கோ, இறங்கியிடும்.”

பிறந்ததிலிருந்து நான் ஈரமண்ணில் வெறுங்காலோடுதான் நிற்கிறேன் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

சில கிழமைகள் போயின. மழை தொடங்கியது. ஒரு காலை கப்பல் வாழையில் குலை பார்க்கப் போனேன். குலை வெட்டும் பதம் பார்ப்பது சும்மா வேலை இல்லை. காயின் விளிம்பு மழுங்கி உருண்டு வர வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தே நான் சொல்லிவிடுவேன். அன்றும் அண்ணாந்தேன். குலை வலப்பக்கம் போனது. மரம் இடப்பக்கம் போனது. நான் எந்தப் பக்கம் போனேன் என்று தெரியாது, வாய்க்காலுக்குள் இருந்தேன்.

கால் சறுக்கிவிட்டது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த நாளும் அண்ணாந்தேன், அடுத்த நாளும் சறுக்கியது. காலையில் பாயை விட்டு எழும்பினால் அறை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிற்கும். வலது கையில் இரண்டு விரல் விறைத்துப்போய் இருக்கும். தேத்தண்ணிக் கோப்பை தானாகவே கையை விட்டு இறங்கும். எல்லாவற்றையும்விடக் காதுதான் மோசம். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கத்தினேன்.

“மழைக்குள்ளை ஆர் மோட்டரைப் போட்டது?”

மனைவி சோற்றுக் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். “மோட்டர் ஓடேல்லையே.”

“ஓடுது. கேக்கேல்லையோ உமக்கு? கூவெண்டு கேக்குது.”

“மோட்டரைக் கழட்டி மால்லை வைச்சது நீங்கள்தானே, மழைக்கு நனையும் எண்டு.”

அது உண்மைதான். நான்தான் கழற்றி, சாமான் போடும் கொட்டிலான மாலில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். கழற்றி வைத்த மோட்டர் என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பித்தம் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊரில் தலை சுற்றினால் அது பித்தம், வேறொன்றும் இல்லை. இஞ்சி அவித்துக் குடித்தேன். தேசிக்காய் பிழிந்து குடித்தேன். சனிக்கிழமை தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து முழுகினேன். முழுகிவிட்டு நிமிர்ந்தபோது கிணற்றடியே என்னைச் சுற்றி வந்தது. மனைவி, “இது கரண்டின்ரை வேலை” என்றாள். “கரண்ட் அடிச்சது போன மாதம். அடிக்கிறதெண்டால் அண்டைக்கே அடிச்சிருக்கும். கரண்டென்ன தவணை முறையிலையே அடிக்கிறது?” என்று கேட்டேன். என் கேள்வி எனக்கே நன்றாக இருந்தது.

உண்மையில் எனக்கு வேறொரு கவலை இருந்தது. கந்தசஷ்டி வந்துகொண்டிருந்தது.

எங்கள் கோயிலில் சஷ்டி ஆறாம் நாள் சூரன்போர். மரத்தால் செய்த சூரன் ஒரு பனை அரைவாசி உயரம் வருவான். நீட்டு மரங்களில் அவனை ஏற்றிக் கட்டி, கூட்டமாக ஆட்கள் தோளில் தூக்கி, வீதி முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் ஓடி, சுழற்றி, ஆட்டி, குலுக்க வேண்டும். சூரன் ஆடாவிட்டால் போர் இல்லை. அந்த மரங்களில் முன்னால் இருப்பதை முன்மரம் என்போம். ஓட்டமும் திருப்பமும் முன்மரம் பிடிப்பவன் கையில். அவன் ஒரு அடி பிழைத்தால் சூரன் சரிவான். சரிந்தால் கீழே நிற்பவர்களுக்கு மேல்தான் சரிவான். முப்பது வருடத்துக்கு மேலாக வலப்பக்க முன்மரம் நான். இடப்பக்கம் மச்சான்.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் படித்தவர்கள். கணக்கு வாசிப்பார்கள், மைக்கில் பேசுவார்கள். எனக்கு அதெல்லாம் வராது. எனக்கு வந்தது முன்மரம். நான் கூலிக்குப் போன காலத்திலும் அந்த ஒரு நாள் மாலை ஊர் என்னை அண்ணாந்து பார்த்தது. அதை விட்டுவிட்டு நான் வீட்டில் இருப்பதா?

அதனால் ஒரு யுக்தி செய்தேன். சஷ்டிக்கு எங்கள் ஊரில் பாதிப்பேர் ஆறு நாளும் உபவாசம் இருப்பார்கள். சிலர் இளநீர், சிலர் வெறும் தண்ணீர். மூன்றாம் நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் மதிலைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். சூரன் தூக்குபவர்கள் நாங்கள் ஒருநேரச் சாப்பாடு சாப்பிடுவோம். இந்த முறை நானும் உபவாசம் என்று சொன்னேன். தலைச்சுற்றுக்கு அதைவிட மரியாதையான காரணம் கிடையாது. கோயிலில் நான் தூணைப் பிடித்தால், “பாவம், தண்ணியோடை இருக்கிறார்” என்றார்கள். ஒரு அம்மா என் காலடி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். மனைவியை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. அவளும் உபவாசம். வருடா வருடம் இருப்பவள்.

“விரதத்தாலை வாற தலைச்சுத்து விரதம் தொடங்கினாப் பிறகெல்லோ வரும்” என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் நாள் பின்னேரம் சூரனை வெளியே எடுத்துத் தூசு தட்டி, ஒரு தரம் தூக்கிப் பார்ப்பது வழக்கம். போனேன். தோளைக் கொடுத்தேன். தூக்கினோம். எப்போதும் போல, “ஏய், விடாதை, பிடி!” என்று கத்தியபடி சூரனின் முகத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பெரிய மீசை வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. நான் நேராக நிற்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் மரம் என் பக்கம் பதிந்தது. மேலே சூரன் கிரீச் என்றான். பின்னால் நின்றவர்கள் கூச்சல் போட, எல்லோருமாகச் சேர்ந்து இறக்கிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“விரதக் களைப்பு” என்றேன்.

மற்றவர்கள் நம்பினார்கள். மச்சான் என் கையைப் பிடித்து மடப்பள்ளிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

“அத்தான், நீங்கள் விழுந்தால் எனக்குச் சந்தோசம்தான், அதைப்பற்றி ஒண்டுமில்லை. ஆனா சூரன் என்ரை தலையிலையெல்லோ விழுவான். எனக்கு இன்னும் மூத்தவளின்ரை கலியாணம் கிடக்கு.”

“போடா.”

“பகிடி இல்லை, அத்தான். மரம் சரியேக்கை உங்கடை முகத்தைப் பாத்தனான். நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். சரியிறது உங்களுக்குத் தெரியவே இல்லை.”

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. நான் பயந்து நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரியாமல் நின்றிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை நானும் மனைவியும் ஓட்டோவில் மானிப்பாய்ப் பக்கம் ஒரு டொக்டரிடம் போனோம். என்னை மோட்டச்சைக்கிள் எடுக்க அவள் விடவில்லை. டொக்டர் என் மகளைவிட இளைய பிள்ளை.

“என்ன ஐயா செய்யுது?”

“பித்தம், பிள்ளை.”

“அது நான் சொல்ல வேண்டியது. உங்களுக்கு என்ன செய்யுது எண்டு சொல்லுங்கோ.”

தலைச்சுற்று, காது, விரல் எல்லாம் சொன்னேன். பிறசர் பார்த்தார், இரத்தத்தில் சீனி பார்த்தார், காதுக்குள் லைற் அடித்துப் பார்த்தார். உங்கள் வயதுக்கு இது நல்ல பிறசர் என்றார். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன், கேட்டதா என்று. அவள் வேறு விஷயத்தில் இருந்தாள்.

“மோட்டர் அடிச்சதைச் சொல்லுங்கோவன்.”

“அது பழைய கதை.”

“ஊர் முழுக்கச் சொன்ன கதையை டொக்டருக்கு மட்டும் சொல்ல மாட்டியளே?”

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். எந்தக் கை, எங்கே நின்றது, தூக்கி எறிந்ததா, நினைவு தப்பியதா என்று கேட்டார். என் பெருவிரலைப் பிடித்துத் திருப்பி அந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தார். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

“உடம்பிலை மிச்சக் கரண்ட் நிக்குதோ, பிள்ளை?”

“கரண்ட் நிக்காது, ஐயா. அது அந்த நிமிசமே போயிட்டுது. போன வழியிலை செய்திட்டுப் போன வேலைதான் நிக்குது. கையாலை போய்க் காலாலை இறங்கியிருக்கு. நரம்புகளையும் தொட்டிருக்கும். சிலருக்கு அண்டைக்கே தெரியும். சிலருக்குக் கிழமைக் கணக்கிலை, மாசக் கணக்கிலை கழிச்சும் தலைச்சுத்து, காது இரைச்சல், விறைப்பு, நித்திரையில்லாமை, மறதி எல்லாம் வரும். விழுந்த விழுகையிலை காதுக்குள்ளை இருக்கிற சமநிலையும் குழம்பியிருக்கலாம். அடிச்ச அண்டைக்கே வந்து இதயத்தைப் பாத்திருக்க வேணும்.”

ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டும்போது, “இதிலை மூட்டு இல்லையே?” என்று கேட்டு வைத்தேன். இதயம் ஒழுங்காக இருந்தது. நான் எதிர்பார்த்ததுதான்.

“அப்ப நாளைக்குச் சூரன் தூக்கலாம்.”

டொக்டர் மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார். எழும்பி நிற்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, கைகளை முன்னுக்கு நீட்டி, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொன்னார். “நடக்கக் கூடாது, ஐயா. நிண்ட இடத்திலைதான்.” இது என்ன பெரிய வேலை? பட்டாளத்துக்காரன் மாதிரிச் செய்தேன். ஓர் அடிகூட அரக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். கண்ணைத் திறக்கச் சொன்னார்.

டொக்டரைக் காணவில்லை. மனைவியையும் காணவில்லை. எனக்கு முன்னால் சுவரில் ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் படம் தொங்கியது. அவர்கள் இருவரும் எனக்குப் பின்னால் இருந்தார்கள். நான் நின்ற இடத்தில் நின்றபடியே முதுகைக் காட்டித் திரும்பியிருந்தேன்.

என் தோளுக்கு மேல் சூரன் இருந்திருந்தால் அவனும் என்னோடு திரும்பியிருப்பான். மச்சானும் மற்றவர்களும் நேரே ஓடியிருப்பார்கள்.

கொஞ்சக் காலத்துக்கு ஏணியில் ஏறக் கூடாது, மோட்டச்சைக்கிள் ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார் டொக்டர். தலையை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பும் சில பயிற்சிகள். கையை வேறு ஒரு டொக்டரிடம் காட்டத் துண்டு எழுதித் தந்தார். “விரதமும் இருக்கிறியளோ?” என்று கேட்டுவிட்டு, “தலைச்சுத்துக்கு நல்ல கூட்டு” என்றார். இன்றைக்கே சாப்பிட வேண்டும் என்றார்.

“சஷ்டி விரதத்தை முறிக்கிறதோ, பிள்ளை?”

மனைவி முந்திக்கொண்டாள். “முருகனோடை நான் கதைக்கிறன். உங்கடை பங்கையும் சேர்த்து நான்தானே இருக்கிறன்.”

அந்தப் பயிற்சிகளைச் சில மாதம் ஒழுங்காகச் செய்தேன். இப்போது தலைச்சுற்று போய்விட்டது என்றே சொல்லலாம். ஒரு விரலில் மட்டும் மாரிக் குளிருக்குக் கொஞ்சம் விறைப்பு. மோட்டருக்கு முழு வயராகப் போட்டு, கரண்ட் கசிந்தால் தானாக நிற்கிற சுவிச்சும் பூட்டினேன். எங்கள் வட்டாரத்தில் அதை முதலில் பூட்டியது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் டொக்டரிடம் போன அன்று பின்னேரம் கோயிலுக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கரண்டைவிட மோசம். ஓட்டோவுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், தூக்குகிறவர்கள் எல்லோரும் கூடி நின்ற இடத்தில், இருக்கிறதை இருக்கிறபடி சொன்னேன். கரண்ட் அடித்ததன் பலன் இப்போதுதான் வந்திருக்கிறது, நான் சரிகிறேன், சரிவது எனக்கே தெரியாது, இந்த முறை என்னை நம்பித் தோளைக் கொடுக்காதீர்கள் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அவர்கள் சிரித்திருக்கலாம் என்று இருந்தது. கடைசியில் நிர்வாகத்தவர் ஒருவர் வலப்பக்க முன்மரத்துக்கு இரண்டு இளந்தாரிகளின் பெயரைச் சொன்னார்.

“பாத்தியே, மச்சான்! என்ரை இடத்துக்கு ரெண்டு பேர் தேவைப்படுது.”

“ஓம், அத்தான். ஒருத்தன் தூக்க, மற்றவன் உங்களைப் போலை கத்த.”

அப்போது சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

சூரன்போர் அன்று பின்னேரம் மழை விட்டுக்கொடுத்தது. நான் வெள்ளை வேட்டி கட்டி, மனைவியின் பக்கத்தில், வடக்கு வீதி மதிலோரம் நின்றேன். போகிறவன் வருகிறவன் எல்லோரும், “என்ன, நீங்கள் சூரனுக்குக் கீழை இல்லையோ?” என்று கேட்டார்கள். முதல் ஆளுக்கு மெல்லமாகச் சொன்னேன். இரண்டாவது ஆளுக்குக் கொஞ்சம் உரக்க. அதற்குப் பிறகு கதை தன்பாட்டில் வளர்ந்தது. கரண்ட் அடித்து ஒரு மாதம் கழித்துத் தலை சுற்றுகிற வருத்தம் எல்லோருக்கும் வராது, டொக்டரே பேனையைக் கீழே வைத்துவிட்டார் என்றேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு வெங்காயத் தோட்டக்காரர் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். என் வயதுக்காரர், நல்ல உசாரான மனிதர்.

“அண்ணை, எனக்கும் வைகாசியிலை மோட்டர் அடிச்சது. இப்ப கை விறைக்குது, சாமான் விழுது. வயசு போட்டுது எண்டு பேசாமல் இருக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கரண்ட் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லித் திரிஞ்சியள். பேந்து நான் என்னெண்டு சொல்லுறது?”

அந்த டொக்டரின் இடத்தை அவருக்குச் சொன்னேன். போய், பித்தம் என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

பறை முழங்கியது. சூரன் வந்தான்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையில் பார்த்தது மறந்துபோய்விட்டது. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் சூரனுக்குக் கீழே நின்றவன் நான். எனக்குத் தெரிந்த சூரன்போர் முன்னால் ஓடுகிறவனின் பிடரி, வேர்வை, மிதிபட்ட சேறு, காதுக்குள் கூச்சல் இவ்வளவுதான். சூரனுக்குத் தலை மாற்றுகிறார்கள் என்றால் மரம் கொஞ்சம் பாரம் குறைந்து கூடும், அப்படித்தான் எனக்குத் தெரியும். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஆனைத் தலையோடு வந்தான். அது போய்ச் சிங்கத் தலையோடு வந்தான். கண்ணை உருட்டி, வாளை ஆட்டி, முருகனுக்கு முன்னால் பாய்ந்து, பின்வாங்கி, மறுபடியும் பாய்ந்தான். மதிலில் இருந்த பிள்ளைகள் கிறீச்சிட்டன. மரத்துக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. அவன் தானாகவே ஆடினான்.

“அண்ணாக்காதேங்கோ, சுத்தும்” என்று மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

அண்ணாந்தேன். சுற்றியது. சூரன் சுற்றினானா என் தலை சுற்றியதா என்று பிரிக்க முடியவில்லை. பிடித்த கையை அவள் விடவில்லை, அதனால் விழவும் இல்லை. வேல் போனது. மாமரம் வந்தது, அது பிளந்தது, சேவலும் மயிலும் வந்தன. ‘அரோகரா’ என்று ஊர் கத்தியபோது நானும் கத்தினேன், இரண்டு இளந்தாரிகளுக்கும் கேட்கிற மாதிரி.

போர் முடிந்து சூரனை இறக்கிய பிறகு மச்சான் என்னைத் தேடி வந்தான். சால்வையைப் பிழிந்தால் ஒரு வாளி வேர்வை வரும் போல இருந்தான். தோளில் மரம் பதிந்த இடம் சிவந்திருந்தது. அவனும் இத்தனை வருடம் கீழே நின்றவன்தானே. நல்லாய் இருந்ததா என்று கேட்டபடி என் முகத்தைப் பார்த்தான்.

“மச்சான்,” என்றேன், “வாற வருசம் நீ ஒருக்கா வெளியிலை நிண்டு பார். சூரன் நல்ல வடிவாய்ச் சாகிறான்.”